கடைசிச் சந்துக்கான அறிவிப்பு

இரவு மணி ஒன்றே கால். மலையடிக்குப் போகிற ரோடு. ஒரு விளக்குகூட எரியவில்லை. பத்து நாளாகப் பெய்த மழை அப்போதுதான் நின்றிருந்தது. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஆட்டோ... கூரைமேல் கூம்பு ஸ்பீக்கர்.

கிட்டே வந்து உட்காருங்கள். கொட்டகைத் தகரத்தில் மழை அடிக்கிறது, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. கலவை மெஷின் ஓட்டுகிறானே நம்ம ஆள், அவனுடைய தாய்மாமனுக்கு நடந்தது இது. அவனே இதோ மூலையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறான். பொய் என்றால் அவன் சொல்லட்டும்.

மாமனை மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டோவில் மைக் செட் கட்டிக்கொண்டு அறிவிப்புச் சொல்வது தொழில். நாளைக்குக் கரண்ட் இருக்காது, பிள்ளையைக் காணோம், போர்வை பாதி விலை... எல்லாம் அவர் வாய்தான். "மைக்காரரே, உங்க வீட்டுல உப்பு தீர்ந்தாலும் மைக்லதான் சொல்வீங்களா?" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள்.

அந்த ராத்திரிக்கு ஒரு வருடம் முன்னால் ஆறு ஏறியது. ‘ஆற்றில் வெள்ளம் வருகிறது, உடனடியாக மலையடிக் கிடங்குக்கு வந்து சேரவும்’ என்று சொல்லச் சொல்லி அதிகாரிகள் அவரை அனுப்பினார்கள். தொண்டை கட்டிக்கொண்டு, நடுநடுவே இருமிக்கொண்டு, தெருத்தெருவாகச் சொன்னார். ஆற்றோரம் இருக்கிற கடைசிச் சந்திலும் சொன்னார். ஒரு கதவும் திறக்கவில்லை. தூங்குமூஞ்சிகள் என்று திட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மைக்கைக் கழற்றும்போதுதான் பார்த்தார். ஸ்பீக்கர் ஒயர் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. சந்து முனையில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் குதித்ததே... அங்கேதான். கூரையில் மழை அடித்த சத்தத்தில், தன் குரல் வெளியே போகாதது அவருக்கே தெரியவில்லை.

திரும்பி ஓடினார். சந்து இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

ஒன்பது வீடு. ஒருத்தர் மிச்சமில்லை. ‘கடைசிச் சந்தில் அறிவிப்புச் சொன்னீர்களா?’ என்று விசாரணையில் கேட்டார்கள். ‘சொன்னேன்’ என்றார். சொன்னது நிஜம்தானே. ஒயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாடகையைக் குறைத்து, சந்தில் மறுபடியும் ஆள் வைத்தார்கள். இல்லாதவனுக்கு எது மலிவோ அதுதான் வீடு. மைக்காரரின் மகளே, வாயும் வயிறுமாக, புருஷனோடு அங்கே குடி வந்தாள்.

"வேற இடம் பாரும்மா."

"ஏம்ப்பா? காரணத்தைச் சொல்லுங்க."

காரணம் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

அடுத்த மழை வேறு மாதிரி. ஆறு அடங்கித்தான் ஓடியது. மலைதான்... ஊறி ஊறி உச்சியில் விரிசல் விட்டிருந்தது. நள்ளிரவில் அதிகாரி வந்து அவரை எழுப்பினார். மலைப்பக்கம் ஒரு ஆள் இருக்கக் கூடாது, எல்லாரும் ஆற்றோரப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். முந்தின வருடம் ஆளை விழுங்கிய ஆற்றங்கரைதான் இந்த வருடம் தஞ்சம். முந்தின வருடம் காப்பாற்றிய கிடங்குதான் இந்த வருடம் குழி.

மைக்காரர் ஒயரை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். மகளுக்குப் போன் போகவில்லை. வேறெந்தத் தெருவுக்கும் போகாமல் நேரே கடைசிச் சந்துக்கு விட்டார்.

ஒன்பது வீடும் திறந்து கிடந்தன. எட்டு வீட்டில் ஆளில்லை. எங்கோ அடுப்பில் பால் தீய்ந்த வாடை. மகள் வீட்டில் தலையணையைத் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறவில்லை.

கோடி வீட்டில் கால் விளங்காத தையல்காரர் மட்டும் இருந்தார். தையல் மெஷினின் தலையைக் கழற்றிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எங்கய்யா?"

"என்னைக் கேக்கறீங்க? நீங்கதானே இப்ப சொல்லிட்டுப் போனீங்க, மலையடிக் கிடங்குக்கு வாங்கன்னு!"

"நான் சொல்லலையே..."

"நல்லா இருக்கே கதை! இருமி இருமிச் சொன்னீங்க. ஆத்துல வெள்ளம்னீங்க. எட்டிப் பாத்தா ஆறு அது பாட்டுக்குப் போகுது. எனக்குச் சந்தேகம்தான். உங்க பொண்ணுதான், ‘எங்கப்பா குரல் எனக்குத் தெரியாதா’ன்னு எல்லாரையும் கிளப்பிக்கிட்டு முன்னால போச்சு."

அந்த வார்த்தை... அந்த இருமல்... முந்தின வருடத்தது. அன்றைக்கு ஒயருக்குள்ளேயே நின்றுபோனதே, அது.

மலையடி ரோட்டில் ஆட்டோவை விரட்டினார். காற்றில் பச்சை மண் வாடை, வேர் பிய்ந்த வாடை. சரிவில் சின்னக் கல் ஒன்று உருண்டது. டொக். கொஞ்சம் விட்டு... டொக், டொக்.

ஆட்டோ வெளிச்சத்தில், தூரத்தில், மூட்டை சுமந்த முதுகுகள் தெரிந்தன. "திரும்பி வாங்க! கிடங்குக்குப் போகாதீங்க!" என்று மைக்கில் கத்தினார். ஒரு முதுகும் திரும்பவில்லை. ஒயரைத் தொட்டார். இறுக்கமாகத்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு துடித்தது. ஸ்பீக்கரில் மட்டும் மூச்சே இல்லை.

முன்னால், இருட்டில், கிடங்குப் பக்கமிருந்து வந்தது அவர் குரல். கரகரவென்று... ‘உடனடியாக வந்து சேரவும்.’ இருமல். ‘உடனடியாக வந்து சேரவும்.’

ஆட்டோவைப் போட்டுவிட்டு ஓடினார். முன்னால் கிளம்பிய மகள், வயிற்றுப் பாரத்தில் பின்தங்கி, இப்போது எல்லாருக்கும் கடைசியில் நடந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டைப் பிடித்தார். அப்பா வந்திருக்கேன்மா, அங்க பேசறது நான் இல்லை என்றார். வாய்தான் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தாள்.

"என்ன சொல்றீங்க? கேக்கல... யாரு நீங்க? கையை விடுங்க. எங்கப்பா கூப்பிடறாரு."

இழுத்தார். கடித்தாள். விடவில்லை அவர். ரத்தம் ஒழுகும் கையோடு தரதரவென்று இழுத்துக்கொண்டு கீழே ஓடினார். "எவன்டா நீ, விடுடா அவளை!" என்று மருமகன் துரத்தி வந்தான். மூன்று பேரும் ஆட்டோவைத் தாண்டியபோது, பின்னால் பெரிய துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம்...

மலை வந்துவிட்டது. கிடங்கு இல்லை. முன்னால் போன முதுகுகள் இல்லை. அந்தக் குரலும் நின்றது.

மைக்காரருக்கு அதோடு பேச்சுப் போயிற்று. டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். ஒயர் கழன்றதிலிருந்து எல்லாவற்றையும் அவர் காகிதத்தில் எழுதித்தான் சொன்னார். மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆறும் இல்லாத, மலையும் இல்லாத ஒரு ஊரில், மூன்றாவது மாடியில் குடியேறினார்கள்.

போன வாரம் நம்ம ஆள் அங்கே போய்த் தங்கினான். ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. மாமன் வாசல் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்துப் படுத்தார். இவன் பக்கத்தில் படுத்தான். எத்தனை மணியோ... வெளியே மாடிப்படியில் கரகரவென்று மைக் சத்தம். ஆறு என்று சொல்லவில்லை. மலை என்றும் சொல்லவில்லை.

‘பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. கடைசிச் சந்துக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.’ இருமல். ‘இன்னும் மூன்று பேர்தான் பாக்கி.’

இவன் விரல்விட்டு எண்ணினான். மாமன் மகள். அவள் புருஷன். அந்தத் தையல்காரர். மூன்று.

மாமனும் விழித்துத்தான் இருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போனை எடுத்து, அந்த வெளிச்சத்தில் காகிதத்தில் எழுதினார்: ‘தையல்காரர் போன மாதமே போய்விட்டார். மழையில் கதவைத் திறந்துகொண்டு, கால் விளங்காதவர்... நடந்தே போனாராம்.’

"அப்ப மூணாவது யாரு மாமா?"

மாமன் மெதுவாகப் புரண்டு போன் வெளிச்சத்தைக் கதவுப் பக்கம் காட்டினார்.

ஐந்து மாதக் குழந்தை. குப்புற விழக்கூட இன்னும் தெரியாது. உள்ளறையில் தூளியில் போட்டிருந்தார்கள். அது அவர் முதுகுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தது... கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டு.