ரெண்டு எஸ். பூபதி

— நீங்க ஒரே ஒரு தடவை வந்து, ‘அந்தத் திருடன் நான்தான்’னு சொன்னா போதும் மாமா.

— காலங்காத்தால நல்ல விருந்துக்குத்தான் கூப்புட்றே மாப்ளே. உக்காரு. அந்த நண்டைத் தாண்டி உக்காரு, கடிச்சா அது மேல கேஸ் போட முடியாது.

— விளையாடாதீங்க. எனக்கு வேலை போச்சு.

— எந்த வேலை? ஹைவே பக்கம் பைப் கம்பெனில மெஷின் பாக்கப் போறேன்னு ஊருக்கே லட்டு குடுத்தியே, அதுவா? எனக்கு மட்டும் குடுக்கல. பரவால்ல, எனக்கு சுகர்.

— அதேதான். ஆர்டர் வந்துருச்சேன்னு ஐஸ் பேக்டரி வேலையை விட்டுட்டேன். இப்ப போன் பண்ணி, ‘வராதே’ங்கறாங்க. சேர்ற ஆளுங்களைப் பத்தி விசாரிக்க வெளியில ஒரு ஏஜென்சி வெச்சிருக்காங்களாம். அவங்க எழுதி அனுப்பிட்டாங்க: எஸ். பூபதி, தோணிரேவு, படகு மோட்டார் திருடினவன், புழல் ஜெயில்ல இருந்தவன்.

— அட, கரெக்டாதானே எழுதிக்கீறாங்க!

— அது நீங்க மாமா!

— நானும் எஸ். பூபதிதான். எங்க நைனா சுந்தரம், உங்க நைனா சுப்பன். எழுத்து ஒண்ணு, ஊரு ஒண்ணு, தெருவும் ஒண்ணு. நான் இன்னா பண்றது? பேரை மாத்திக்கினு போய் திருடியிருக்கணுமா?

— வயசையாவது பாத்திருக்கலாம்ல? அந்த மோட்டார் காணாமப் போனப்ப நான் ஆறாங்கிளாஸ் படிச்சிட்டிருந்தேன்.

— சின்ன வயசுலயே கெட்டிக்காரன்னு நெனச்சிருப்பாங்க. ஏன், ஊருக்குள்ள வந்து யாரையாச்சும் கேட்டாங்களா?

— யாரும் வரலை. பெங்களூர்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டினாங்களாம்.

— வந்திருந்தா டீக்கடை ரோசியே சொல்லியிருக்கும், யாரு திருடன்னு. கொழந்தைங்களுக்கு என்னைக் காட்டித்தானே இந்த ஊர்ல சோறே ஊட்றாளுங்க. ஒரு கயிறு காணாமப் போனாலும் எங்க வூட்டுக் கதவைத்தான் தட்டுவானுங்க.

— நான் தட்டினதில்ல மாமா.

— இப்ப தட்டிட்டியே.

— ...மூணு வருசம் டிப்ளமோ படிச்சதெல்லாம் ஏரித் தண்ணில போச்சு. அம்மா மார்க்கெட்டுக்கே போறதில்ல. ‘உன் புள்ள ஜெயிலுக்குப் போனானாமே, எப்போ?’ன்னு கேக்கறாங்களாம். பொண்ணு வீட்ல, ‘யோசிச்சுச் சொல்றோம்’னுட்டாங்க.

— உங்கம்மா தெய்வநாயகி அழுவுதா?

— அழுது முடிச்சிட்டு இப்ப என்னைத் திட்டுது.

— ம். நான் உள்ள இருந்தப்ப, எங்க வூட்டுப் பக்கம் ஒரு நாயும் வர்ல. உங்கம்மாதான் இருட்டின பிறகு இறாலும் அரிசியும் கொணாந்து வெச்சிட்டுப் போவும். எங்க வூட்டுக்காரி இன்னிக்கும் சொல்லுவா.

— அப்ப வாங்க மாமா. மேனேஜர் முன்னாடி ரெண்டு பேரும் ஆதார் கார்டைக் காட்டிட்டு நிப்போம்.

— ஏஜென்சி தப்பு பண்ணாதுன்னு சொன்னா?

— சொல்லிட்டாங்க. ‘எங்க ரிப்போர்ட் தப்பா இருக்காது, திருடலைன்னு நீங்கதான் நிரூபிக்கணும்’னு.

— பாத்தியா, இதுக்குப் போலீஸே தேவலை. மோட்டார் என் தோள் மேலயே இருந்துச்சு. அப்பக்கூட, ‘நீ எடுத்தியா?’ன்னு ஒரு வார்த்தை மரியாதையா கேட்டுட்டுத்தான் அடிச்சாங்க.

— வருவீங்களா, மாட்டீங்களா?

— வர்றேன் மாப்ளே. உங்கம்மாவுக்காக வர்றேன். ஆனா ஒண்ணு, நான் வாயைத் தொறந்தா என் வேலை பூடும்.

— உங்களுக்கு ஏது வேலை?

— அதே பைப் கம்பெனிதான். கேட்டாண்ட செக்யூரிட்டி. திங்கக்கெழமை வந்து சேரச் சொல்லிக்கீறாங்க.

— உங்களையா? ஏஜென்சி விசாரிக்கலையா?

— பேஷா விசாரிச்சாங்களே.

— என்னன்னு எழுதினாங்க?

— எஸ். பூபதி, தோணிரேவு, கேஸ் எதுவும் இல்ல, ஒழுக்கமானவர், டிப்ளமோ பாஸ்னு. ‘இம்மாம் படிச்சவன் ஏன்யா கேட்ல நிக்க வர்றே?’ன்னு, அந்த ஆபீசருதான் பாவம், கண்ணு கலங்கிட்டாரு.