பனி வண்டிக்குச் சக்கரம் மாட்டிய கலீலுல்லா

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஜமாஅத் பெரியோர்களே, லேத் பட்டறை தெய்வசிகாமணி அண்ணன் அவர்களே, கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருக்கும் கள்ளக்குறிச்சி நகரத்துப் பெருமக்களே, மலையிறங்கி வந்து, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் சுவரோரம் நிற்கிற என் புலியங்கொட்டாய் சனங்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே வர முடியாத ஒருவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். கலீலுல்லா அவர்களின் துணைவி ஷர்புன்னிசா அக்கா. கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் இது. இந்த மைக் சத்தம் அடுத்த தெருவில் இருக்கும் அவர் வீட்டுச் சன்னல்வரை கேட்கும் என்றார்கள். அக்கா, கேட்கிறதா? உங்களுக்கு ஆறுதல் சொல்லும் அளவுக்கு என்னிடம் வார்த்தை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். அதைக் கேட்கும் உரிமை முதலில் உங்களுக்குத்தான்.

என் பெயர் ஆண்டாள். வெள்ளிமலைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். எனக்குப் பின்னால் தொங்குகிற பேனரில் ‘மனிதநேயச் செம்மல் கலீலுல்லா அவர்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். தகும்! அந்தப் பட்டம் அவருக்குத் தகும்! ஆனால் மலையில் அவருக்கு வேறு பெயர். ‘பனிவண்டி பாய்.’ புலியங்கொட்டாயில் கலீலுல்லா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பனிவண்டி பாய் என்றால் கைக்குழந்தையும் திரும்பிப் பார்க்கும்.

அவர் யார்? பழைய இரும்பு வியாபாரி. உடைந்த டிராக்டர், ஓடாத ஜீப், துருப்பிடித்த மோட்டார் வாங்கிப் பிரித்து விற்பவர். மலைக்கும் அந்த வேலையாகத்தான் வந்தார். ஒருநாள் வெள்ளிமலை ரோட்டோரம் மினி லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போது காட்டுப் பாதையிலிருந்து நான்கு பேர் ஒரு தூளியைச் சுமந்து வந்தார்கள். உள்ளே பிரசவ வலியில் செல்லியம்மாள். முன்னால் தோள் கொடுத்து வந்தவர் அவள் புருஷன் சடையன். பக்கத்தில் நான் ஓடி வருகிறேன். பாய் டம்ளரைப் போட்டுவிட்டு லாரிக் கதவைத் திறந்தார். நான் தூளியை விலக்கிப் பார்த்தேன். கதவை மூடச் சொன்னேன். செல்லியம்மாள் வழியிலேயே போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

அன்றைக்கு அந்த ரோட்டோரத்தில் பாய் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

“ஏன் நர்ஸம்மா, அங்க ஜீப்பு போவாதா?”

“வழியில ரெண்டு பாறை இருக்குது பாய். ஜீப்பு நொழையாது.”

“பைக்கு?”

“வலியில துடிக்கிறவள பைக்குல எப்படி ஒக்கார வெக்கிறது?”

“அப்போ ஜீப்ப விட ஒடுக்கமா இருக்கணும். ஆளு படுக்கவும் எடம் வேணும். அவ்ளோதானே?”

அவ்வளவுதானே என்றார்! அந்த ‘அவ்வளவுதானே’வுக்காக அந்த மனிதர் தன் வாழ்க்கையையே கொடுப்பார் என்று யாருக்குத் தெரியும்?

சென்னைக்குப் பக்கத்தில் செயற்கைப் பனி கொட்டி வேடிக்கை காட்டிய ஓர் அரங்கத்தை மூடினார்கள். அதன் சாமான்களைப் பழைய இரும்பு விலைக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். அந்த லோடில் ஒரு பனி வண்டி வந்தது. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகை. கீழே அகலமான ரப்பர் பெல்ட். மேலே நீள சீட்டு. குளிர் நாடுகளில் பனி மேல் வழுக்கிக்கொண்டு ஓடுமாம். கடைத்தெருவே கூடிச் சிரித்தது. “இன்னா பாய், நம்மூரு வெயிலுக்குப் பனி வண்டியா?” என்று கேட்டார்கள். பாய் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து அகலம் பார்த்தார். அந்த இரண்டு பாறைக்கு நடுவில் நுழையும்! அவர் அந்த வண்டியைப் பிரித்து விற்கவில்லை.

எடுத்த எடுப்பில் ஓடியதா? இல்லை. தெய்வசிகாமணி அண்ணன் பட்டறையில் சறுக்குப் பலகையைக் கழற்றிவிட்டு ஸ்கூட்டர் சக்கரம் மாட்டினார்கள். பெல்ட்டை அப்படியே விட்டார்கள். வண்டி ஒரு தெரு ஓடியது. புகை! தீய்ந்த நாற்றம்! அண்ணன்தான் எனக்கு விளக்கினார். பனியில் ஓடும்போது பெல்ட் வாரி இறைக்கிற பனிதான் அந்த இன்ஜினைக் குளிர வைக்குமாம். பெல்ட் உரசி ஓடுகிற தண்டுகளுக்கும் அதுதான் எண்ணெயாம். பனி இல்லாவிட்டால் அந்த வண்டி தன் சூட்டிலேயே தான் வெந்துபோகும்.

“வுட்டுடு பாய்,” என்றாராம் அண்ணன். “கடவுள் பனிக்குன்னு படைச்சத நாம மண்ணுல ஓட்ட முடியாது.”

“கடவுள் படைக்கல அண்ணே, கம்பெனிக்காரன் படைச்சான்,” என்றாராம் பாய். “பெல்ட்ட உருவு. ஆட்டோ சக்கரம் ரெண்டு போடு.”

பெல்ட்டை உருவினார்கள். பின்னால் அச்சு அடித்துச் சங்கிலி கோத்தார்கள். பழைய வேனின் ரேடியேட்டரை மாட்டி இன்ஜினுக்குத் தண்ணீர் காட்டினார்கள். காய்ந்த ஏரியில் ஓட்டிப் பார்த்தபோது குப்புறக் கவிழ்ந்து பாய்க்குக் கை முறிந்தது. கட்டோடு பட்டறைக்கு வந்து நின்றார். அக்கா, நீங்கள் அப்போது என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? “இந்த மனுஷனுக்குத் தூக்கத்துலயும் சக்கரம், பிரேக்குன்னுதான் பேச்சு. சோறு போட்டாக்கூட இன்னா கொழம்புன்னு கேக்கறதில்ல.” கோபமாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அந்த வண்டியின் பின்பக்கம் நீட்டிய பலகைக்கு மெத்தை தைத்துக் கொடுத்தது நீங்கள்தானே!

வண்டி மலை ஏறிய முதல் நாள், பாதி மேட்டில் நின்றுவிட்டது. சடையன் வந்து பின்னால் கை வைத்தார். ஊரே வந்து கை வைத்தது. தள்ளிக்கொண்டே மேலே போனோம். சடையன் அந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். “இது போன வருசம் வந்திருந்தா எம் பொண்டாட்டி பொழச்சிருப்பா,” என்றார். பாய் வண்டியைத் திருப்பினார். மறுபடி கீழே கொண்டுவந்து பல் சக்கரத்தை மாற்றினார்கள். அடுத்த முறை வண்டி யார் கையும் படாமல் மேடேறியது.

பிறகு எத்தனை பேரை அது சுமந்தது என்று நான் எண்ணி வைக்கவில்லை. வயிற்றுவலிக்காரர்கள் வந்தார்கள். மரத்திலிருந்து விழுந்தவர் வந்தார். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தார்கள். பாயே ஓட்டுவார். சடையனுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்தில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு செவிலிக்கு அது எப்பேர்ப்பட்ட செல்வம் தெரியுமா?

அந்தச் செல்வம் நிலைத்ததா? இல்லையே!

சென்ற மழையில் புலியங்கொட்டாய் அய்யனாரைப் பாம்பு கடித்தது. வண்டி காட்டுப் பாதையை முடித்து ரோட்டுக்கு வந்தது. வழக்கமாக அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாடகை ஜீப் நிற்கும். அன்று ஜீப் இல்லை. பாய் என்ன செய்வார்? தார் ரோட்டிலேயே வண்டியை விட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதோ, அய்யனார் உயிரோடு நிற்கிறார். ஆனால் திரும்பும் வழியில் சோதனைக்கு நின்ற அதிகாரிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். நம்பர் இல்லை, ஆர்சி இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. வண்டி போய்விட்டது. பிடிபட்ட வண்டிகளோடு வண்டியாக வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது.

நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள். யாரையும் வைய வரவில்லை. சட்டப்படி அவர்கள் செய்தது சரி. அந்த வண்டியில் ஒருவர் விழுந்து செத்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வண்டி இல்லாமல் செத்தால் யார் பொறுப்பு என்று பாய் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதானே? அதற்கு மட்டும் ஏன் பதில் இல்லை? அவர் படியேறாத அலுவலகம் இல்லை. ஒருவர் இரக்கப்பட்டே சொன்னாராம், “பாய், பனியில ஓடற வண்டிக்குத் தமிழ்நாட்டுல நான் எந்தக் கணக்குல நம்பர் குடுக்கறது?” அதைச் சொல்லும்போது பாய் சிரித்தார். சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு உடைந்து அவரை நான் பார்த்ததே இல்லை.

போன மாதம் ஆயம்மாளுக்கு நிறைமாதத்தில் ரத்தப்போக்கு. நான் அப்போது புலியங்கொட்டாயில்தான் இருந்தேன். மினி லாரியை ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிப் பாய்க்குப் போன் போட்டேன். நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதானே? அவர் காட்டுப் பாதையில் நடந்து ஊருக்கே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். சட்டை முழுக்க வேர்வை.

“எதுக்கு பாய் ஏறி வந்தீங்க?”

“ஊருல ஆம்பளைங்க பாதிப் பேரு காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்க்கினு இருக்கறாங்களே. தூக்க ஆளு இருக்குதான்னு பாக்க வந்தேன்.”

இல்லை. ஆள் இல்லை. சடையன் இருந்தார். ஆயம்மாளின் புருஷனும் அவன் தம்பியும் இருந்தார்கள். நான்காவது தோள் இல்லை. பாய் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். நான்காவது தோளைக் கொடுத்தார்.

இறக்கம் நன்றாக இறங்கினோம். அந்தப் பாறைகளைத் தாண்டிய மேட்டில் அவர் மூச்சு மாறியது. மார்பில் கை வைத்தார். அப்போதும் கழியை விடவில்லை. “நர்ஸம்மா, தோள் குடுங்க,” என்றார். நான் தோள் கொடுத்தேன். கழி என் தோளில் உட்கார்ந்த பிறகுதான் அவர் கீழே உட்கார்ந்தார்.

சடையன் தூளியை இறக்கப் போனார். பாய் கத்தினார். “எறக்காத! எறக்கி வெக்காத சடையா! போய்க்கினே இருங்க!”

என் பையிலிருந்த மாத்திரையை அவர் வாயில் போட்டேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. தூளியிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. நான்கு தோள், ஒரு தூளி. அவரோடு விட்டுப் போக ஓர் ஆள்கூட இல்லை. போன் எடுக்காத இடம் அது. பெருமக்களே, அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஆயம்மாளை வைத்துவிட்டு அவரைத் தூக்கியிருப்பீர்களா? அவர் விடுவாரா? என்னை ஒருமுறை பார்த்தார். “நா பின்னால வரேன், போங்க,” என்றார்.

போனோம்.

சடையன் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனார். ரோடு வந்ததும் தூளியை லாரியில் ஏற்றினோம். அங்கே நின்ற ஜீப் ஓட்டுநர், பாய் வண்டியிலேயே விட்டுவந்த சாவியைப் போட்டு லாரியை எடுத்தார். சடையன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்ப ஓடினார். பாய் அதே மேட்டில்தான் இருந்தார். பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடி. உயிர் இல்லை.

ஆயம்மாள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. ‘அவர் உயிரைக் கொடுத்து இரண்டு உயிரைக் காத்தார்’ என்று முன்பு பேசிய ஒருவர் சொன்னார். மன்னிக்க வேண்டும். இரண்டு இல்லை, ஒன்று. அதையும் அழகாக்கிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு தாய் இருக்கிறாள், பிள்ளை இல்லை. ஒரு வண்டி இருக்கிறது, ஓட விடவில்லை. ஒரு மனிதர் இருந்தார், அவரும் இல்லை. இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது? யாராவது கண்டுபிடித்தால் என்னிடம் சொல்லுங்கள்.

கபர்ஸ்தானில் அடக்கத்தின்போது மலைச் சனங்கள் வெளியே தயங்கி நின்றார்கள். ஜமாஅத் பெரியவர்கள்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். ஆயம்மாளின் புருஷன் மண் போட்டான். அய்யனார் மண் போட்டார். சடையன் கை நிறைய மண்ணை எடுத்துக்கொண்டு போட மனமில்லாமல் நின்றுகொண்டே இருந்தார்.

கலீலுல்லா அவர்களே! எங்கள் பனிவண்டி பாயே! நீங்கள் போகச் சொன்னீர்கள், போய்விட்டோம். இனி எங்கே போவது என்று சொல்லாமல் போய்விட்டீர்களே!

அவர் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் எல்லோரும் உறுதி சொன்னார்கள். நல்லது. நாளைக்கு அந்த வண்டியைக் கேட்டு மறுபடி படியேறப் போகிறோம். தெய்வசிகாமணி அண்ணன் வருகிறார். வண்டி கிடைத்தாலும் அது கிடந்த கிடையில் துருவேறியிருக்கும், முதலிலிருந்து வேலை பார்க்க வேண்டும் என்கிறார். பார்ப்பேன் என்கிறார். பாதை வேண்டும் என்றும் கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம். ஆனால் மழை அதுவரை காத்திருக்குமா?

மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கொளஞ்சியம்மாள். புலியங்கொட்டாய்க்கு வாழ்க்கைப்பட்டவள். எழுந்திருக்காதேம்மா, உட்கார். இவளுக்கு இது ஏழாவது மாதம். பிரசவம் அடைமழையில் வரும். இன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “எனக்கு வலி வந்தா யாரு நர்ஸம்மா தூக்குவாங்க?”

அதற்குப் பதிலை இப்போது உங்கள் முன்னால் சொல்கிறேன். கொளஞ்சி, ஒரு தோள் என்னுடையது. ஒன்று சடையனுடையது. இன்னும் இரண்டு வேண்டும். இந்த மண்டபத்தில் தோள்களுக்கா பஞ்சம்? இப்போது யாரும் கையைத் தூக்க வேண்டாம், கையும் தட்ட வேண்டாம். மழை பிடித்த அன்று, வெள்ளிமலைக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஏறி வாருங்கள். நான் பஸ் நிற்கும் இடத்தில் நிற்பேன்.