பதினேழாம் குழாயில் இருபது

— மெதுவா, மெக்கானிக்கு. உன் தோள்ல அவ தூங்குறா. மூணாவது தட்டுல பதினேழாம் நம்பர் குழாய், அதை மட்டும் எடுத்துக் குடு.

— இப்பவேவா டாக்டரம்மா? புள்ளையைப் பெத்து வீட்டுக்கு வந்து அஞ்சு நாள்கூட ஆகலை. உக்காரு முதல்ல. ஈ எங்கேயும் ஓடிடாது.

— ஒன்பது வாரம் ஆஸ்பத்திரியில மல்லாக்கப் படுத்திருந்தேன். என்னை இனிமே உக்காருன்னு சொல்லாதே. அப்பாடா, இந்த லேப் ரூமு! கதகதன்னு, ஈஸ்ட் வாசனையோட, எல்லாமே பாதித் தூக்கத்துல இருக்கிற மாதிரி.

— இருபத்தஞ்சு டிகிரி. ஒரு புள்ளி நகரலை, சத்தியமா. கம்ப்ரஸரைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டேன்.

— அதுல உன்னைக் குத்தம் சொல்ல முடியுமா? ஈ வளக்கிற இந்தப் பெட்டியை ரிப்பேர் பண்ண வந்து என்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போன ஆளாச்சே.

— அன்னிக்கு நீ சொன்னது ஞாபகம் இருக்கா? "சத்தம் போடாதீங்க, உள்ளே வயசானவங்க இருக்காங்க"ன்னே. நான் செருப்பைக்கூட கழட்டிட்டேன்.

— சரி, சொல்லு. இன்னிக்கு எத்தனாவது நாள்?

— எண்பது.

— உயிரோட?

— இருபது.

— நான் வெச்சது?

— அதுவும் இருபதுதான். ஏன் அப்படிப் பாக்குறே? ஒரே ஒரு ஃபியூஸைப் புடுங்கிட்டா வீட்டுல மத்த லைட்டெல்லாம் ரொம்ப நாள் எரியும்னு நீதானே சொன்னே.

— எரியுமான்னு பாக்குறேன்னு சொன்னேன். ஒரு மரபணுவை மட்டும் அடக்கி வெச்சா முதுமை தள்ளிப் போகுமான்னு. அப்படிப் பண்ணின ஈ கிட்டத்தட்ட எல்லாமே கூட்டுக்குள்ளேயே செத்துப் போச்சு. ரெண்டு வருஷத்துல பிழைச்சு வெளியே வந்தது இந்த இருபதுதான். அதனாலதான் மத்த குழாயையெல்லாம் இங்க இருக்கிறவங்ககிட்ட விட்டுட்டு, இதை மட்டும் உன்கிட்ட குடுத்தேன்.

— தெரியும்மா. தெரியாமலா.

— சாதா ஈ அறுபது நாள் இருக்கும். அதைவிடப் பத்து நாள் கூடுதலா இருந்தாலே நான் ஆடுவேன். எண்பதாம் நாள் ஒண்ணுகூட சாகலைன்னா... குடு, தட்டிப் பாக்குறேன்.

— ஐயோ, தட்டாதே!

— தட்டினா கீழே விழுந்து திரும்ப மேலே ஏறும், அவ்வளவுதான். வயசானது பாதி வழியில நின்னுடும். இதோ... ஒண்ணு, ரெண்டு, மூணு. பாத்தியா? எல்லாரும் உச்சியில நிக்குறாங்க.

— சாப்பாடு அப்படி. சோள மாவு, சர்க்கரை எல்லாம் நானே கிண்டி ஊத்தினேன்.

— அந்த வாயுக் குழாயைத் திருகு. மயங்க வெச்சு எண்ணலாம்.

— வேண்டாமே. நாலு மணிக்கு உங்க பேராசிரியர் வர்றாரு. அவர் வந்ததும்...

— திருகு, மெக்கானிக்கு.

— ம்.

— எவ்வளவு அழகாத் தூங்குதுங்க! ஆஸ்பத்திரியில கண்ணை மூடினா இதே கனவுதான். இந்த வெள்ளைத் தட்டுல நானும் படுத்திருப்பேன். யாரோ தூரிகையால என்னை மெல்லப் புரட்டுவாங்க. பயமே இருக்காது. தூரத்துல நீ எண்ணுற சத்தம் மட்டும் கேக்கும்.

— டாக்டரம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— இரு. இந்த லென்ஸ்ல பாரு. இதோட பின்பக்கம் கறுப்பா இருக்கே, என்ன அது?

— அழுக்கா இருக்கும்.

— ஆண். நான் வெச்ச இருபதும் பொண்ணு. இங்கே பதினொரு ஆண் படுத்திருக்கு. ஒரு இறக்கையிலயும் கிழிசல் இல்லை. இதுங்களுக்கு எண்பது நாளா? எட்டு நாள் இருந்தா அதிகம்.

— திட்டிடு. ஆனா குழந்தை முழிச்சுடாம திட்டு.

— சரி, சொல்லு.

— உன்னை ஆஸ்பத்திரியில சேத்ததுக்கப்புறம் பன்னெண்டு நாள் நான் இந்தப் பக்கமே வரலை. ரெண்டு நாளுக்கு ஒருதரம் புதுக் குழாய்க்கு மாத்தச் சொல்லி நீ எழுதிக் குடுத்த சீட்டு சட்டைப்பையிலேயே கிடந்துது. வந்து பாத்தா குழாய் முழுக்க ஈ. போட்ட முட்டையெல்லாம் வளந்து வெளியே வந்துடுச்சு. எது அம்மா, எது புள்ளைன்னே தெரியலை.

— அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.

— அன்னிக்கு மத்தியானம்தான் ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, புள்ளையோட துடிப்பு குறையுது, எதுக்கும் தயாரா இருங்கன்னு சொன்னாரு. அங்கே நிக்க முடியாம இங்கே ஓடி வந்தேன். அஞ்சு மணிக்கு உன் போன். எடுத்ததும் "எத்தனை?"ன்னே. என் வாயில குறைச்சு வரலைம்மா. இருபதுன்னுட்டேன். அப்புறம் இதுல இருபதை எண்ணி வெச்சுட்டு, மிச்சத்தை வேற குழாயில வளத்தேன். ஒண்ணு செத்தா அதுலேருந்து இன்னொண்ணு. தினமும் நீ கேட்டே, தினமும் நான் இருபதுன்னேன்.

— கிழிஞ்சுது போ.

— ரெண்டு வருஷத்தை நாசம் பண்ணிட்டேன். உன் முகத்தைப் பாக்கவே கூச்சமா இருக்கு. நாலு மணிக்கு அவர் வந்ததும் நானே ஒத்துக்கறேன். உன் பேரு கெடக் கூடாது.

— அவர் ஈயைப் பாக்க வரலை. உன் தோள்ல தூங்குறாளே, அவளைப் பாக்க வர்றாரு.

— என்ன சொல்றே?

— அம்பதாம் நாள் நீ இருபதுன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எந்த ஊர் ஈயும் அப்படி ஒண்ணுகூட சாகாம இருக்காது. படுக்கையிலேருந்தே அவருக்குச் சொல்லிட்டேன். அவங்க புதுசா ஈங்களை ஜோடி சேத்து வெச்சு ஒரு மாசமாச்சு, பக்கத்து ரூமுல இருக்கு. இந்தத் தடவை முப்பது பிழைச்சிருக்கு. பதினேழை மட்டும் யாரும் தொடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்.

— தெரிஞ்சுமா இத்தனை நாள் கேட்டே? நான் எத்தனை நாள் பொய் சொல்றேன்னு பாக்கவா?

— இல்லப்பா. அன்னிக்கு உன்கிட்ட சொன்னதை அந்த டாக்டர் காலையிலேயே என்கிட்டயும் சொல்லிட்டாரு. யாரும் சாகலைன்னு உன் குரல்ல கேட்டாத்தான், அடுத்த நாள் அஞ்சு மணி வரைக்கும் இவளை வயித்துல வெச்சுக்கிட்டு அசையாமப் படுத்திருக்க முடிஞ்சுது.