மன்னாரில் உருகிய ஐஸ்

பிள்ளைகளே, விமான நிலையம் இருக்கும் டோர்வலில் இருந்து வரும் காலைப் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். வெளியே பனி, கனவில் விழுவதுபோலச் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே இளையவர் சொன்னார்:

“என்ர ஐஸ் முழுக்க உருகிப்போச்சு, அண்ணை.”

“ஆர் உருக்கினது?”

“மன்னாரில என்ர ஐஸ் கொம்பனியில கரண்ட் நிண்டிட்டுது. ஜெனரேட்டர் இருக்கு. ஆனா என்னைக் கேக்காமப் போடக்கூடாதெண்டு மனேஜர் அந்தோனியிட்டச் சொல்லி வைச்சனான். நான் இஞ்ச பிளேனில பெட்டி ஏத்திக்கொண்டு நிண்டன். போன் லொக்கருக்குள்ள.”

“நல்ல முதலாளிதான்! மீன்காரர் என்ன செய்தவை?”

“வேற இடத்தில ஐஸ் வாங்கப் போயிட்டினம். இன்னொருக்கா இப்பிடி நடந்தால் திரும்பி வரமாட்டினம். கொம்பனியை மூடவேண்டியதுதான்.”

“அப்ப அந்தோனியை நம்பன்ரா!”

இளையவர் போனை எடுத்தார்.

“அந்தோனி, இனிக் கரண்ட் நிண்டால் என்னைக் கேக்காதை. ஜெனரேட்டரை நீயே போடு, என்ன?”

பேருந்து வெண்மைக்குள் மிதப்பதுபோலப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் போன் அடித்தது. அந்தோனியின் குரல் எனக்கே கேட்டது:

“அண்ணை, திரும்பவும் கரண்ட் நிண்டிட்டுது. உங்களைக் கேக்காமப் போடட்டோ?”