நல்ல பக்கத்துக்குப் போட்ட ஊசி

இல்லண்ணே, வெளுப்பெல்லாம் ஆக்க வேணாம். பரு, தழும்பு எதுவும் எடுக்க வேணாம். கல்யாணப் போட்டோவக் கொண்டாந்து குடுத்தா எல்லாரும் அதத்தான் கேப்பாக, நீங்க கேட்டதுல தப்பில்ல. இதுல வேலை வேற. மொதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறது நான்தான், என்னை வெட்டித் தள்ளிருங்க. அவ மொகத்த மட்டும் பெருசா வைங்க.

ஆமா, என் வீட்டுக்காரி. மஹ்ரீன். அழகுதான், இல்லேங்கல. இந்தப் போட்டோவப் பாத்த அம்புட்டுப் பேரும் அதத்தான் சொல்றாக.

காலண்டர் ஆர்டர் நெருக்குதுன்னு தெரியுதுண்ணே, ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன். எங்க மண்டிக்குச் சாக்குல பேர் அடிச்சுக் குடுக்குற ராஜபாண்டியன்தான் உங்க பேரச் சொன்னாரு. பட்டாசு லேபிள்ல வர்ற பொம்பளப் பிள்ளைக மொகத்தயெல்லாம் நீங்கதான் திருத்துவீகளாம்ல. கண்ணப் பெருசாக்குவீக, மூக்கக் கூராக்குவீகன்னாரு. எனக்கு வேண்டிய வேலையச் சட்டுனு சொன்னா இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு நெனைப்பீக. அதான் மொதல்ல இருந்து சொல்லிர்றேன். நீங்க பாட்டுக்கு ஏத்திக்கிட்டே கேளுங்க.

எனக்கு விருதுநகரு. நவ்ஷாத். வத்தல், பருப்பு மண்டி. அத்தா மவுத்தாப் போனதுல இருந்து நான்தான் பாக்குறேன். வீட்டுல அம்மா, ஒரு தங்கச்சி. ரெண்டு வருசத்துக்கு முந்தி எனக்குப் பொண்ணு பாத்தாக. சாத்தூர்ல ஜவுளிக்கடை வச்சிருக்க முகம்மது நூகுன்னு ஒருத்தரு, அவரு மக. போயி ஒக்காந்தோம். வந்து சலாம் சொல்லுச்சு, ஓரமா ஒக்காந்துச்சு. என் தங்கச்சி என்னமோ கேலி பண்ணினா, எல்லாரும் சிரிச்சாக, அது மட்டும் சிரிக்கல. எங்கம்மாவுக்கு அதுதான் பிடிச்சுப் போச்சு. பல்லக் காட்டாத பொண்ணுடா, குடும்பத்துக்கு ஏத்த பொண்ணுன்னாக. ஒரே மாசத்துல நிக்காஹ் வைக்கணும்னு மாமனாரு நின்னாரு. என்ன இம்புட்டு அவசரம்னு அம்மா கேட்டதுக்கு, நல்ல காரியத்தத் தள்ளிப் போடக் கூடாதுன்னாரு. அதுவும் வாஸ்தவந்தானேன்னு விட்டுட்டோம்.

கல்யாணத்தன்னைக்கு சிரிம்மா, கொஞ்சம் சிரிம்மான்னு சொல்லிச் சொல்லி போட்டோக்காரருக்குத் தொண்டை கட்டிப் போச்சு. கூச்சம்னு நெனைச்சேன். எங்க வீட்டுக்கு வந்தப்புறமும் எங்ககூட ஒக்காந்து சாப்பிட மாட்டா. தண்ணி குடிச்சா முக்காட்ட இழுத்து வாயோரத்த மறைச்சுக்கிருவா. தூங்கும்போது எடது கண்ணு முழுசா மூடாது, பாதி தெறந்து கெடக்கும். சின்ன வயசுல இருந்தே அப்பிடித்தான்னா. பருப்புன்னு சொல்ல வராது அவளுக்கு. உதடு ஒட்டாது. பருப்பு மண்டிக்காரனுக்கு வாக்கப்பட்டுட்டு இப்பிடியாம்பேன். அதுக்கும் சிரிக்க மாட்டா. கண்ணு மட்டும் ஒரு மாதிரி மின்னும்.

இல்லண்ணே, ஊமையெல்லாம் இல்ல. நல்லாப் பேசுவா. கேளுங்க.

தை மாசம் வெம்பக்கோட்டை டேமுக்குப் போனோம், பைக்குல. அந்த வருசம் நல்ல மழை, தண்ணி நெறைய நின்னுச்சு. நான் வெள்ளப் பேண்டு போட்டுக்கிட்டு, பெரிய இவனாட்டம், கரையில எறங்கி அவளக் கையப் பிடிச்சுக் கூப்பிட்டேன். சகதி வழுக்கி விட்டுருச்சு. அங்கன இருந்து தண்ணி வரைக்கும் ஒக்காந்தவாக்குல போனேன். ஆடு மேச்சுக்கிட்டிருந்த கெழவன்கூடச் சிரிச்சான். நிமுந்து பாத்தா, மஹ்ரீன் சிரிக்கிறா.

சிரிக்கிறாளா, இழுப்பு வந்திருச்சான்னு எனக்குத் தெரியலண்ணே. வாயி மொத்தமா வலது பக்கம் ஓடிப் போயிருச்சு. வலது கன்னம் மேல ஏறிருச்சு, வலது கண்ணு சுருங்கிருச்சு. எடது பக்கம் அப்பிடியே கெடக்கு, அசைவே இல்ல. அல்லாவே, பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு கத்திக்கிட்டு மேல ஏறி ஓடுனேன். அவ முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டு அங்கனயே குத்த வச்சு ஒக்காந்துட்டா. அப்பறம் ஒரே அழுகை.

அங்கன வச்சுத்தான் சொன்னா. பன்னெண்டு வயசுல ஒருநாள் காலையில எந்திரிச்சு வாய் கொப்பளிச்சாளாம், தண்ணி ஒரு பக்கமா ஒழுகிருச்சாம். மொகவாதம். நெறையப் பேருக்குத் தானாச் சரியாப் போயிருமாமே, இவளுக்குப் போகல. மதுரையில காட்டியிருக்காக, கரண்டு வச்சிருக்காக, ஓதிப் பாத்திருக்காக. சும்மா இருந்தாக் கொஞ்சமாத்தான் தெரியும். பேசினா, சிரிச்சா வாயி இழுத்துக்கிரும். பள்ளிக்கூடத்துல கோணவாயின்னு பேரு. ஒம்பதாவதோட நிப்பாட்டிட்டாக. வந்து பாத்த மாப்பிள்ளை வீட்டுக்காரகளும் டீயக் குடிச்சுட்டுப் போனாக, திரும்பி வரல.

அவ மாமு ஒருத்தரு பினாங்குல ஓட்டல் வச்சிருக்காரு. அந்த மாமி, மொகத்துல சுருக்கம் விழுகாம இருக்க ஒரு ஊசி போட்டுக்கிருவாகளாம். போடாக்ஸ்னு. ஆமா, சினிமாக்காரக போடுறதுதான். மாமி அந்த டாக்டருகிட்டயே கேட்டிருக்காக. இப்பிடி எங்க நாத்தனார் மக, ஒரு பக்கம் செத்துப் போச்சு, எழுப்ப முடியுமான்னு. எழுப்ப முடியாது, நல்லா இருக்க பக்கத்தையும் கொஞ்சம் மடக்கி வச்சா ரெண்டும் ஒண்ணுபோலத் தெரியும்னு சொல்லியிருக்காரு.

புரியுதாண்ணே? ஊசி போட்டது நல்ல பக்கத்துக்கு.

மதுரையில, மெட்ராசுல கெடைச்சிருக்கும். ஆனா இங்கன போட்டா மறுநாளே ஊருக்குத் தெரிஞ்சிரும்லா. மாமு வீட்டுக்கு ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போயிருக்காக. நாலு மாசம் நிக்குமாம் அந்த ஊசி. அதுக்குள்ள பொண்ணு பாத்து, பேசி, நிக்காஹும் முடியணும். அந்த அவசரம்தான் அது.

கோவமா? இல்லாம இருக்குமா? வந்துச்சு. பொய் சொல்லித் தலையில கட்டிட்டாகளேன்னு ரெண்டு நாள் அவகூடப் பேசல. மூணாம் நாள் நான் சோறு திங்கும்போது எதுக்கால வந்து ஒக்காந்தா. முக்காட்ட எடுத்துட்டு, ஒரு டம்ளர் தண்ணிய என் கண்ணு முன்னாடி குடிச்சா. வாயோரத்துல ஒழுகுச்சு. தொடைக்கல. அப்பிடியே என்னையப் பாத்தா. நான் என் துண்ட எடுத்துக் குடுத்தேன்.

அதுக்கப்பறம் ஒரு ரெண்டு மாசம் நல்லா இருந்தோம்ணே. அந்த வலது பக்கம் நாளுக்கு நாள் தெளிஞ்சு வந்துச்சு. புருவம் ஏறுச்சு. கன்னத்துல ஒரு குழி விழுந்துச்சு, அப்பிடி ஒரு குழி இருக்குன்னே எனக்குத் தெரியாது. பருப்புன்னு பாதி வாயில சொல்லிக் காட்டினா. ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே கெடப்போம். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிச்சுப் போச்சு. அசிங்கமான்னு கேட்டா, மொத தடவ அப்பிடித்தான் இருந்துச்சு. அப்பறம் நேரா சிரிக்கிறவுகளப் பாத்தாத்தான் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

கதவச் சாத்திட்டு எத்தன நாளைக்கு இருக்க முடியும்? அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு. எங்கம்மா பேரு சம்சாத், தெருவுக்கே பஞ்சாயத்துப் பண்றவுக. ஏமாத்திட்டாக, ஜமாத்துல வைக்கப் போறேன்னு குதிச்சாக. மாமனாரு வந்தாரு. எங்கம்மா மொகத்துக்கு நேராச் சொன்னாக, ஒண்ணு பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா நாங்க பாத்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடி ஆக்கிக் குடுங்கன்னு. நான் குறுக்க பேசினேன். நீ சின்னப் பய, ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வாய அடைச்சுட்டாக. மறுபடி பினாங்கு. மறுபடி ஊசி.

அந்தத் தடவ என்ன கோளாறோ, மருந்து எறங்கிருச்சோ என்னமோ, வலது கண்ணு ரெப்ப தொங்கிப் போச்சு. ஒரு கண்ணு மூடாது, ஒரு கண்ணு தெறக்காது. தானாச் சரியாயிரும்னு டாக்டரு சொன்னாராம். ஆச்சு, இல்லேங்கல. ஆனா அது ஆகுற வரைக்கும் வெரலால ரெப்பையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அரிசி பொறுக்குனா. எங்கம்மா அதப் பாத்துட்டு, வாயி நேரா இருக்குல்ல, போதும்னாக.

அப்பறம் அந்த மருந்தும் தேஞ்சுச்சு. குழி திரும்ப வந்துச்சு. ஆனா இந்தத் தடவ அவ சிரிச்சாத்தான? ரூமுக்குள்ளகூட வாயப் பொத்திக்கிருவா. நான் கைய எடுத்து விட்டாலும் மறுபடி பொத்திக்கிருவா.

இந்த நெலமையில தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. பெருநாள் கழிச்சுக் கல்யாணம். சபையில இவ இந்த மொகத்தோட நின்னா நம்ம வீட்டுல எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்பிடித்தான்னு நெனைப்பாக, இன்னொரு தடவ போயிட்டு வரட்டும்னு அம்மா சொன்னாக. மாமனாரும் சரின்னுட்டாரு. அவளப் பெத்த அம்மா, நசிமா மாமி, அவுகளும் சரின்னுட்டாக. எல்லாரும் சேந்து அவளுக்கு நல்லதுதான் செய்றாக.

நான் சொன்னேண்ணே. போக வேணாம்னு தெளிவாச் சொன்னேன். எனக்கு இந்த மொகந்தான் பிடிச்சிருக்கு, தங்கச்சி கல்யாணத்துல என் பக்கத்துல இப்பிடியே நில்லு, எவன் என்ன சொல்றான்னு நான் பாத்துக்கிறேன்னேன். பாவம் பாத்துச் சொல்றீகன்னா அவ. அல்லா மேல ஆணையா இல்லன்னேன். பன்னெண்டு வயசுல இருந்து பாவத்தையும் பிரியத்தையும் பிரிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்குத் தெரியும்னா. அதுக்கு மேல நான் எத எடுத்து நிரூபிக்க? சொல்லுங்க.

சரி, விடுங்க. ஏத்தியாச்சா? ஆ, நல்லாப் பெருசா வந்திருக்கு. இப்ப என் வேலையச் சொல்றேன். அந்த வாய இழுக்கணும்ணே.

ஆமா, கோணலா. நெசமாத்தான் சொல்றேன். நேரா இருக்கிறதத்தான் கோணலாக்கணும். வேற போட்டோவே இல்ல. அவுக வீட்டுல போயித் தேடிட்டேன், பன்னெண்டு வயசுக்கு மேல பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது தவிர ஒரு போட்டோ கெடையாது, அதுலயும் வாய இறுக்கி மூடியிருக்கா. எங்க வீட்டுலயும் அவளுக்கு ஊசி போட்டிருந்த மாசங்கள்ல எடுத்ததுதான் இருக்கு. நானாவது ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாம், கேமராவத் தூக்கினாலே ஓடிருவா.

வலது பக்கம். இல்ல, அவளுக்கு வலது, உங்களுக்கு எடது கைப் பக்கம். அங்கனதான். வாயோரத்தக் கொஞ்சம் மேல தூக்குங்க. இன்னுங் கொஞ்சம். அம்புட்டு இல்ல, அது கேலிப் படம் மாதிரி இருக்கு. கொறைங்க. ம். அந்தக் கண்ணுக்குக் கீழ லேசாச் சுருக்கம் விழுகணும். எடது பக்கம் வாயோரம் எறங்கட்டும், கன்னம் தொங்கினாப்புல. கன்னத்துல குழி... இன்னும் மேலண்ணே, எலும்புக்குக் கிட்டக்க.

நிறுத்துங்க.

இல்லண்ணே, ஒண்ணுமில்ல. தண்ணி வேணாம். இவதான். கிட்டத்தட்ட இவதான்.

மேலயா? மேல கறுப்பு எழுத்துல, தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியுறாப்புல, காணவில்லைன்னு போடுங்க.

ஆமாண்ணே. நோம்புக்கு முந்தி போனா. மெட்ராசுக்கு ரயிலேறி, அங்கன இருந்து பினாங்கு போகணும், நசிமா மாமிதான் கூட்டிட்டுக் கெளம்பினாக. விருதுநகர் டேசன்ல தண்ணி பிடிச்சுட்டு வாரேன்னு பாட்டிலத் தூக்கிட்டுப் போயிருக்கா. ரயிலு வந்துச்சு, போச்சு, அவ வரல. நான் வழியனுப்பப் போக மனசில்லாம மண்டியில லோடு எறக்கிக்கிட்டு இருந்தேன். போலீசுலயும் எழுதிக் குடுத்தாச்சு. பெருநாளும் போயிருச்சு, தங்கச்சி கல்யாணமும் முடிஞ்சிருச்சு.

மாமனாரு அப்பவே நோட்டீஸ் அடிச்சு மதுரையில இருந்து திருநெல்வேலி வரைக்கும் ஒட்டிட்டாரு. இதே கல்யாணப் போட்டோதான். ஒருத்தரும் கூப்பிடல. நான் ஊரூராப் போயித் தேடினேன். கோயில்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஞானசுந்தரின்னு ஒரு அக்கா டீக்கடை வச்சிருக்காக. அவுககிட்ட நோட்டீஸக் காட்டினேன். இந்தப் பொண்ணு இல்ல தம்பி, இது எம்புட்டு லெச்சணமா இருக்குன்னாக. வேற ஒரு பிள்ள ரெண்டு மூணு நாளா இங்கன வந்து ஒக்காந்திருந்துச்சு, அதுக்கு வாயி ஒரு பக்கமா இழுத்திருந்துச்சு, பாவம்னு டீ குடுத்தேன்னாக. எங்கன போச்சுன்னு அவுகளுக்குத் தெரியல. மாமனாரு நோட்டீஸு அந்தக் கடைச் செவுத்துலதாண்ணே ஒட்டியிருந்துச்சு. அவ அதுக்குக் கீழதான் ஒக்காந்திருந்திருக்கா.

இல்ல, அவுக வீட்டுல சம்மதம் கெடையாது. காணாமப் போன பிள்ளையையும் ஊரு பாத்துச் சிரிக்கணுமான்னு நசிமா மாமி அழுகுறாக. அதான் நானா வந்தேன். போன் நம்பர் என்னுது மட்டும் போடுங்க.

அடையாளமா? எழுதிக்கோங்க. மாநெறம். எடது கண்ணு முழுசா மூடாது. சிரிக்கும்போது வாயி வலது பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இல்லண்ணே, அத அடிச்சுருங்க. பேசும்போதுன்னு போடுங்க. சிரிக்கும்போதுன்னு போட்டா அவள யாரும் கண்டுபிடிக்க மாட்டாக.