கணுக்காலில் ஒரு கோடு

— காலை இப்படி நீட்டுங்க. போர்வைக்குள்ள வச்சு மூடாதிய.

— ஏட்டி புஷ்பம், காலையில பாத்த அதே காலுதான். புதுசா ஒண்ணும் முளைக்கல.

— காலையில பெருவிரல் மட்டும் கறுத்திருந்துச்சு. இப்ப பக்கத்து விரலும் கறுத்துட்டு. ஊதுவத்தி ஏத்தியும் நாத்தம் அடங்கல. துரைராஜு ரிக்‌ஷாவோட வாசல்ல நிக்கான். எந்திரிங்க.

— அனுப்பு அவனை. நான் வரல.

— நான் இன்னாத்துக்குப் போவணும் அண்ணாச்சி? நாலு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்கு இட்டாரச் சொல்லிக்கீறாரு டாக்டரு. மூணு அடிச்சாச்சு. நீ வந்து குந்துனா பாண்டி பஜாரைத் தாண்டி அரை அவர்ல கொண்டாந்து வுட்டுடுவேன்.

— துரைராஜு, நீ ரிக்‌ஷாவை ஓட்டு. என் ஆயுசை ஓட்டாத.

— அதை ஓட்டத்தான் பாக்குறேன் நைனா. குந்தமாட்டேன்றியே!

— ஏங்க, நேத்துக் காலையில டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? சக்கரை வியாதியில புண்ணு அழுகிட்டு. இன்னைக்கு ரெண்டு விரலை எடுத்தா காலு மிஞ்சும். நாளைக்குன்னா காலையே எடுக்கணும். அதுக்கும் அடுத்த நாளுன்னா எடுத்தும் புண்ணியமில்லன்னாருல்லா?

— மாடவீதி ஜோசியர் சொன்னதையும் நீ பக்கத்துல உக்காந்து கேட்டல்லா? ஆவணி பதிமூணு வரைக்கும் எனக்கு இரும்பால கண்டம். கத்தி பட்டா அன்னைக்கே முடிஞ்சுது. அதைத் தாண்டிட்டா எண்பத்து நாலு வயசு, அசைக்க முடியாது. ஓலையில எழுதிக் கெடக்கு. இன்னைக்கு ஆவணி அஞ்சு. எட்டே எட்டு நாளு பொறுக்கமாட்டியாட்டி?

— நான் பொறுப்பேன். புண்ணு பொறுக்குமா?

— பொறுக்கும். கபாலீஸ்வரர் கோயில்ல அர்ச்சனை தினமும் நடக்கு. ஒருவேளைச் சோறு, அதுலயும் உப்பில்ல. கடையில இரும்புச் சட்டி அடுக்குன பக்கமே போறதில்ல. நாப்பது நாளா சவரக்கத்தி மூஞ்சியில படல.

— அதுக்குத்தான் தாடியா! ரங்கநாதன் தெருவுல அல்லாரும் இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? பாத்திரக்கடை அண்ணாச்சி சாமியாராப் போய்க்கினு கீறாருன்றாங்க.

— போறேன், போகல, உனக்கென்னடா? உன் வண்டியே முழுக்க இரும்பு. அதுல ஏறச் சொல்லுதியே, அதுவே தப்பு.

— சீட்டு ரெக்ஸின் நைனா. இரும்பு அடியிலதான் கீது. வோணும்னா தலகாணி போட்டுத் தர்றேன்.

— துரைராஜு, செத்த சும்மா இருய்யா. ஏங்க, ஊசி போட்டுக்கச் சொன்னாரு, அதுவும் இரும்புன்னு போடல. எதுத்த கடை ரகுபதி என்ன ஆனாரு?

— அதைத்தான் சொல்லுதேன். கத்தி வச்ச மூணாம் நாளு போய்ட்டாரு.

— கத்தி வச்சதால போகல. ஆறு மாசம் வேப்பிலையை வச்சுக் கட்டிட்டுக் கடைசி நாள்ல போனாரு. சரி, அன்னைக்கு டாக்டர் கணுக்காலுக்கு மேல பேனாவால ஒரு கோடு போட்டாருல்லா? சிவப்பு அதைத் தாண்டினா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதுன்னு?

— தாண்டலையே. நல்லாப் பாரு. கோட்டுக்குக் கீழதான் நிக்கு.

— இருங்க, காலுல அப்பியிருக்க திருநீறைத் துடைக்கேன். ஏங்க.

— என்ன?

— டாக்டர் போட்டது கறுப்பு மை.

— அதுக்கு?

— இது நீலம்.

— வேர்வை பட்டு நீலமாயிருக்கும்.

— வேர்வை பட்டா கோடு நாலு விரக்கடை மேல ஏறுமா? கடைப் பேனாவை வச்சு நீங்களே போட்டுக்கிட்டியளா?

— குளிக்கையில அழிஞ்சுட்டுட்டி. குத்துமதிப்பா ஒண்ணு இழுத்தேன்.

— அடங்கொப்புரானே! போலீஸ்காரன் கோடு போட்டா நாங்க தாண்டிக்கினு போவோம். நீ கோட்டையே தூக்கிக்கினு போறியே அண்ணாச்சி!

— சிரிக்காத துரைராஜு. இந்தா, பழைய கோடு இங்கன லேசாத் தெரியுது. எப்பங்க தாண்டுச்சு?

— நேத்து சாயந்தரம்.

— நேத்தா! ஒரு ராத்திரி முழுக்க இதை மூடி வச்சுக்கிட்டா என்னையத் தூங்கச் சொன்னிய? அப்படியே உங்க அம்மா புத்தி. அவுக எமனை ஏமாத்துனாக, நீங்க டாக்டரை ஏமாத்துறிய.

— எங்க அம்மாவை எதுக்கு இழுக்க?

— ஒண்ணுமில்ல.

— வாயில வந்ததை முழுங்காத. சொல்லு.

— துரைராஜு, மணி என்ன இருக்கும்?

— மூணேகால் ஆயிருக்கும்மா. பேச்சை வழியில வச்சிக்கலாம்.

— வழியில சொல்ல முடியாது. இதைச் சொல்லாம அவுக எந்திரிக்கமாட்டாக. ஏங்க, உங்க மாத்திரை அடுப்பு மாடத்துல, சின்ன டப்பாவுல இருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பீரோ சாவி பக்கத்து வீட்டுத் தாயம்மாகிட்ட. மக தங்கத்துக்குக் கார்த்திகையில வளைகாப்பு. அவளுக்குப் பச்சை வளையல்தான் பிடிக்கும், சிவப்பு வாங்கிராதிய.

— இதெல்லாம் எதுக்கு இப்ப? ஆஸ்பத்திரிக்குக் கூப்புடுதது என்னையா, நீ போறியா?

— சொல்லி வைக்கணும்னு தோணுச்சு. இப்ப இதையும் கேளுங்க. அந்த ஓலை உங்களோடது இல்ல.

— என்னட்டி உளறுத?

— உங்களுக்கு முன்னால ஒரு பிள்ளை பிறந்து தவறிப்போச்சு, தெரியும்லா?

— தெரியாம என்ன? அதனாலதான் என்னையத் தவிட்டுக்கு வித்துத் திரும்ப வாங்கி, மூக்கும் குத்திவிட்டாக. ஓட்டை இன்னும் இருக்கே.

— அந்தப் பிள்ளைக்கும் அய்யாதுரைன்னுதான் பேரு.

— என் பேரா?

— அவன் பேருதான் உங்களுக்கு. நீங்க பிறந்தப்ப உங்க அம்மா ஜாதகமே எழுத விடல. நேரத்தை எழுதி வச்சா எமனுக்கு விலாசம் குடுத்த மாதிரின்னுட்டாக. செத்த பிள்ளையோட பேரை வச்சு, அவன் ஓலையையே உங்களுதுன்னு பெட்டியில போட்டு வச்சாக. எமன் தேடி வந்தாலும், இந்த அய்யாதுரையை முன்னமே கொண்டுபோயாச்சேன்னு திரும்பிருவானாம்.

— அப்ப நம்ம கல்யாணத்துக்குப் பொருத்தம் பாத்தது?

— எனக்கும் அந்தப் பிள்ளைக்கும்தான். பத்துக்கு எட்டுப் பொருத்தம்.

— ஐயோ, இன்னாம்மா சொல்றே நீ! செத்த புள்ளைக்கா பொருத்தம் பாத்தாங்க?

— எண்பத்து நாலு வயசுன்னு எழுதுன ஓலைங்க அது. அந்தப் பிள்ளை பதினோரு மாசத்துல மாந்தம் வந்து போச்சு. ஏங்க, என்னையப் பாருங்க. இப்படிச் சுவரைப் பாக்காதிய.

— இரும்பால கண்டம்?

— அது அவனுக்கு.

— எண்பத்து நாலு?

— அதுவும் அவனுக்குத்தான்.

— அப்ப எனக்குன்னு என்னதான்ட்டி இருக்கு?

— தெரியாதுங்க. யாரும் எழுதி வைக்கல. நீங்க ஐப்பசி அடைமழையில பிறந்தியளாம், அவன் போய் ரெண்டு வருஷம் கழிச்சு. உங்களுக்கு ஐம்பத்தொன்பதே ஆகல. ஐம்பத்தாறுதான்.

— அந்த எண்பத்து நாலை நம்பித்தான் புஷ்பம் அல்வாவும் லட்டுமாத் தின்னேன். டாக்டர் வேண்டாம்னப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சேன்.

— தெரியும். தட்டுல வச்சது நான்தானே.

— பயமா இருக்குட்டி. இம்புட்டு நேரம் எட்டு நாளைக்குத்தான் பயந்தேன்.

— எனக்கும்தான் பயமா இருக்கு. எந்திரிங்க.

— துரைராஜு, வாப்பா. என்னையத் தூக்கு.

— இந்தா வந்துட்டேன் நைனா. கழுத்தைக் கட்டிக்கோ. யம்மா, நீ அந்தக் காலை மட்டும் தாங்கிப் புடி. மெதுவா... ஆங், குந்திட்டாரு. நல்லவேளை, கவருமெண்டுல கை ரிக்‌ஷாவை எடுத்துக்கினு இந்த சைக்கிள் வண்டியைக் குட்த்தாங்க. உன் வெயிட்டுக்கு அதை இஸ்துக்கினு ஓடுனா நாந்தான் மொதல்ல ஆஸ்பத்திரில படுக்கணும்.

— பள்ளம் பாத்துப் போ.

— நாலுக்கு முன்ன வுடலைன்னா என் பேரை மாத்தி வச்சிக்கிறேன்.

— பேரை மாத்துறது, வைக்கிறதெல்லாம் எங்க வீட்டோட போகட்டும்ப்பா. நீ மிதி. புஷ்பம்.

— ம்.

— அம்மா போயே இருபது வருஷமாச்சு. இத்தனை நாளு ஏன்ட்டி சொல்லல?

— சாகுறதுக்கு முந்தின நாளு கற்பூரத்தை ஏத்தி என் கையால அணைக்கச் சொன்னாக. யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன்னு சத்தியம்.

— திறந்தா என் உசுருக்கு ஆபத்துன்னாளா?

— காலை உள்ள இழுத்து வைங்க. சக்கரத்துல பட்டுரப் போகுது.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுட்டி. சொல்லிட்டா என் உசுரு போயிரும்னா சொன்னா?

— இல்லங்க. உங்க உசுரு இல்ல, வாயைத் திறந்தவ உசுரு.