விக்கிரமங்கலத்தை விட்டுட்டீங்களே

இரவு பன்னிரண்டே முக்கால். ரோட்டின் இரண்டு பக்கமும் மணல். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. எதிரே ஒரு வண்டி வந்தால் அதுவே பெரிய விசேஷம். அந்த ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் செல்லதுரை. நம் ஹாஸ்டல் பூவரசனின் தாய்மாமா.

இதைப் பூவரசன் இருக்கும்போது சொல்லக்கூடாது. இன்றைக்கு அவன் அரியலூருக்குப் போய்விட்டதால் சொல்கிறேன். கரண்டும் இல்லை. அந்த ஜன்னலைச் சாத்துங்கள். மணிவண்ணா, செல்போன் வெளிச்சத்தை அணை.

"அணைச்சா பிரசாத் எம்மடியில வந்து ஒக்காந்துக்குவான்" என்றான் மணிவண்ணன்.

"போடா. நீ ஏன் இப்பவே சுவத்தோரமா நவுந்துட்ட?" என்றான் பிரசாத்.

சரி... கேளுங்கள்.

செல்லதுரை மாமா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். சிமெண்ட் ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நிற்குமே, அந்த வரிசையில் முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர், எல்லோரிடமும் பேசிக்கொண்டே இருப்பார். பேச ஆளில்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் சவூதிக்குப் போனார். ஹவுஸ் டிரைவர் வேலை. ஒரே ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டுவது.

விமானத்தை விட்டு இறங்கியபோது ராத்திரி பதினொரு மணி. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்ததுபோல் முகத்தில் அனல். அங்கிருந்து நாலு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். பெரிய நகரங்களில் இப்போது பெண்களே கார் ஓட்டுகிறார்களாம். இந்த ஊரில், இந்த வீட்டில், அந்தப் பேச்சே இல்லை. பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. எந்த வீட்டைப் பார்த்தாலும் இரண்டு ஆள் உயரத்துக்கு மதில். முதல் நாள் தக்காளி வாங்கப் போனார். பாங்கு சத்தம் கேட்டதும் கடைக்காரர் பாதி எடை போட்ட தக்காளியை அப்படியே வைத்துவிட்டு, இவரை வெளியே அனுப்பி ஷட்டரை இறக்கினார். தொழுகை நேரம் என்று மாமாவுக்குத் தெரியாது. என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தபடி வெயிலில் அரை மணி நேரம் நின்றாராம்.

கேட்டை ஒட்டி அவருக்கு ஓர் அறை. உள்ளே யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. மூன்று வேளையும் அறைக் கதவுக்கு வெளியே ஒரு தட்டு இருக்கும். குவித்த சோறு, பெரிய இறைச்சித் துண்டு. வைப்பது யாரென்று ஒருநாளும் பார்த்ததில்லை. முதலாளி நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். முதல் நாளே காருக்குள் உட்கார்ந்து, நடுக்கண்ணாடியைக் கூரை பார்த்துத் திருப்பிவிட்டார். பின்னால் பெண்கள் உட்காருவார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. பேச்சுக் கொடுக்கக்கூடாது. ஏறி உட்கார்ந்ததும் சீட்டின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார்கள், வண்டியை எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் சைகையிலேயே சொல்லிக் கொடுத்தார்.

மாமா அப்படியே நடந்துகொண்டார். ஊரில் இருக்கும் மனைவி ஜெயசுதா அத்தையிடம் தினமும் போனில் பேசுவார். போனை வைத்ததும் அந்த அறை முன்பைவிடச் சின்னதாகிவிடும். முப்பத்தெட்டு நாள்... நேருக்கு நேர் ஒரு தமிழ் வார்த்தை அவர் காதில் விழவில்லை.

அந்த வீட்டு அம்மாளின் தாயாருக்கு உடம்பு சரியில்லை. சாயங்காலம் அந்த அம்மாளைத் தாய்வீட்டில் இறக்கிவிட்டு வரவேண்டும். ராத்திரி ஒரு மணிவாக்கில் போய்க் கூட்டிவர வேண்டும். போகும்போது காலி வண்டி. தூக்கம் வராமலிருக்க மாமா நம் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார்.

முப்பத்தொன்பதாவது நாள் ராத்திரி. கேட் வாசலில் என்ஜினை ஓடவிட்டு, ஏசி குளிரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். பின்கதவு திறந்தது.

மூடியது.

ஒரு வாசனை. ரொம்ப நாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, பாசி வாசனை... அதோடு தரை துடைக்கும் மருந்து வாசனையும். இடது பக்கத்திலிருந்து கை நீண்டு, சீட்டின் முதுகில் இரண்டு தட்டு.

அந்த அம்மாளுக்குத் துணையாக உள்ளேயிருந்து யாரையோ அனுப்புகிறார்கள் என்று மாமா நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்க முடியாது. கேட்கவும் முடியாது. வண்டியை எடுத்தார். ஊரைத் தாண்டி மணல்வெளி வந்ததும் பழக்கத்தில் முணுமுணுத்தார். "அரியலூரு... கைகாட்டி... தா.பழூரு..."

பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல்.

"நடுவுல விக்கிரமங்கலத்த விட்டுட்டீங்களேண்ணே."

"டேய்" என்றான் பிரசாத்.

மாமா வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். பயத்தில் இல்லை. சந்தோஷத்தில்.

"நீ எந்த ஊரும்மா?"

"அதாண்ணே சொன்னன். விக்கிரமங்கலம். ஏரிக்கரத் தெரு. எம்பேரு வெற்றிச்செல்வி."

"இந்த வூட்லயா வேல பாக்குற?"

"ஆமாண்ணே. வண்டிய எடுங்க. லேட்டானா அந்தம்மா கத்தும்."

அதன்பிறகு தினமும். போகும்போது மட்டும். தாய்வீட்டு வாசலில் அந்த அம்மாள் ஏறியதும் வெற்றிச்செல்வியின் சத்தம் நின்றுவிடும். முதலாளியம்மாவுக்குப் பயப்படுகிறாள் என்று மாமா நினைத்தார். அந்த அம்மாளும் எப்போதும் வலது கதவைத்தான் திறப்பார். இடது பக்கம் நகர்ந்து உட்காரவே மாட்டார். காலையில் கார் துடைக்கும்போது இடது சீட் மட்டும் ஈரமாக இருக்கும். ஏசித் தண்ணீர் என்று துடைத்துவிடுவார்.

லாரி ஓட்டியவர் என்று தெரிந்ததும் அவள் சிரித்தாளாம். "எங்க தலையெல்லாம் சுண்ணாம்பக் கொட்டி வெள்ளப் பூசணிக்கா ஆக்குன கூட்டந்தான நீங்க?"

"மெதுவாத்தான் ஓட்டுனம்."

"ஆமா... மெதுவா! கோழியக் கேட்டாத் தெரியும்."

மாமா நாள் முழுக்க அந்த முக்கால் மணி நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவள் முடிப்பது ஒரே இடத்தில்தான்.

"எம்மவ பூவிழிய ஒண்ணாவதுல சேத்துருப்பாங்களாண்ணே?"

"போன் போட்டுக் கேக்க வேண்டியதுதான?"

"போன வாங்கி வச்சுக்கிட்டாங்க. நீங்க ஆள வுட்டுக் கேளுங்க. நான் வூட்டுக்குப் போவணும்ண்ணே. வேற ஒண்ணும் வேணாம்... வூட்டுக்குப் போவணும்."

மாமா அரியலூரில் இருக்கும் மைத்துனன் ராஜேஷுக்குப் போன் செய்தார். அவன் பைக்கில் விக்கிரமங்கலம் போய் விசாரித்துவிட்டு அன்று சாயங்காலமே கூப்பிட்டான்.

"மாமா, அந்தப் பொண்ணு நெசமா அங்க இருக்கா?"

"ஏன்டா?"

"அது போயி ஆறு வருஷமாச்சு. அஞ்சு வருஷமா ஒரு போன் இல்ல. வேல பாத்த வூட்ட வுட்டு எவங்கூடயோ ஓடிட்டான்னு ஏஜெண்டு சொல்லிட்டானாம். அதோட அம்மா பெரியம்மாள் இன்னும் நம்பல. என் கையப் புடிச்சுகிட்டு வுடவே இல்ல. பூவிழி ஏழாவது படிக்குது மாமா."

மாமாவுக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணை ஆறு வருஷமாக அடைத்து வைத்திருக்கிறார்கள்! வேலை போனாலும் போகட்டும் என்று முதலாளியிடமே போனார். செல்போனில் தமிழில் பேசினால் அது அரபியில் சொல்லுமே, அதை நீட்டினார். 'உங்கள் வீட்டு வேலைக்காரப் பெண் வெற்றிச்செல்வியை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்குக் குழந்தை இருக்கிறது.'

போன் அதை அரபியில் சொல்லி முடித்தது. முதலாளி போனை வாங்கிப் பேசினார். அது தமிழில் சொன்னது.

'ஐந்து வருஷமாக இந்த வீட்டில் வேலைக்குப் பெண்கள் யாரும் இல்லை. உனக்குச் சாப்பாடு வைப்பது நான்தான்.'

முதலாளி மறுபடியும் போனுக்குள் மெல்லப் பேசினார்.

'எந்தப் பக்கம் உட்காருகிறாள்?'

மாமா இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் காலைத் தட்டில், ரொட்டிக்குப் பக்கத்தில், அவர் பாஸ்போர்ட்டும் திருச்சிக்கு டிக்கெட்டும் இருந்தன.

அன்று ராத்திரி கடைசி ஓட்டம். வேறு டிரைவர் கிடைக்கவில்லை போலும்... கேட் வாசலில் மாமா உட்கார்ந்திருந்தார். பின்கதவு திறந்தது. மூடியது. பாசி வாசனை. இரண்டு தட்டு.

ஊர் தாண்டும்வரை எங்கேயோ சொட்... சொட்... என்று தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

"பூவிழி ஏழாவது படிக்குதாம்மா" என்றார் மாமா, ரோட்டைப் பார்த்தபடி.

சொட்டும் சத்தம் நின்றது.

"ஏழாவதா..." என்றாள். வெகுதூரம் போன பிறகு, "அப்ப நான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

அவர் ஓடிப்போயிருக்கலாம். கதவைத் திறந்து மணலில் குதித்திருக்கலாம். ஆனால் அந்த ஊரில் அவருக்கென்று இருந்த ஒரே ஆள் அவள்தான்.

"நாளைக்கி நான் ஊருக்குப் போறன். வர்றதுன்னா எங்கூட வாத்தா" என்றார்.

சொட்டும் சத்தம் மறுபடியும் தொடங்கியது.

திருச்சி விமான நிலையத்துக்கு ராஜேஷ் தன் பழைய காரோடு வந்திருந்தான். மாமா பெட்டியை வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி நின்றார். பிறகு மெல்லச் சாத்தினார். முன்னால் உட்கார்ந்ததும் நடுக்கண்ணாடியை மேலே திருப்பினார்.

"யாருக்கு மாமா கதவத் தொறந்தீங்க?"

"பேசாம ஓட்டு. நேரா விக்கிரமங்கலம்."

பெரம்பலூர் வழியாக, நம் ஹாஸ்டல் வாசலைத் தாண்டித்தான் போனார்கள்.

"இந்த ரோட்லயா?" என்றான் மணிவண்ணன். ஜன்னல் பக்கம் அவன் திரும்பவில்லை.

இதே ரோடுதான். பிப்ரவரி மாதம். நாமெல்லாம் இங்கே தூங்கிக்கொண்டிருந்திருப்போம்.

விக்கிரமங்கலம் போய்ச் சேரும்போது மணி மூன்று. ஏரிக்கரைத் தெருவில் ஒரு விளக்கும் எரியவில்லை. பெரியம்மாள் வீட்டு வாசலில் நிறுத்தி, மாமா இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

"எறங்குத்தா. உங்க வூடு."

காரின் பின்பக்கம் லேசாக அசைந்து நின்றது. தெருவில் படுத்திருந்த ஒரு கிழட்டு நாய் எழுந்தது. குரைக்கவில்லை. பக்கத்தில் யாரோ நடப்பதுபோல், அண்ணாந்து பார்த்து வாலாட்டிக்கொண்டே வாசற்படிவரை போனது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளையின் தூக்கக் குரல்.

"ஆயா... யாரோ எந்தலையத் தடவுறாங்க. கை ஈரமா இருக்கு."

பெரியம்மாளின் குரல். "தடவட்டும். நீ கண்ணத் தொறக்காத. தூங்கு."

மாமா கதவைச் சாத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்ததாம். ராஜேஷ் பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தான். வண்டியைக் கிளப்பினான். ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது என்ஜின் முனகியது.

"இழுக்க மாட்டேங்குது மாமா. லோடு ஏத்துன மாதிரி இருக்கு."

எத்தனையோ வருஷம் கல் லாரி ஓட்டியவர் மாமா. பின்னால் பாரம் இருக்கிறதா இல்லையா என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். பெண்குரல். தமிழ் இல்லை. அரபியும் இல்லை. ரொம்பப் பணிவாக, ஒரே ஒரு சொல்லை இரண்டு முறை சொன்னது. ஏதோ ஓர் ஊரின் பெயர். அது மட்டும் மாமாவுக்குப் புரிந்தது. எந்தத் தேசத்தில் இருக்கிறதென்று தெரியவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் அதற்குப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல். வேறு பாஷை. வேறு ஊர்.

பிறகு இரண்டுக்கும் நடுவில், நெருக்கி உட்கார்ந்துகொண்டு, மூன்றாவதாக ஒருத்தி... தொண்டையைச் செருமினாள்.